நீர் நின்ற உயரம்

காலை எட்டே முக்காலுக்கு
புளியந்தீவுப் பாலத்தடியில் பதினொரு பேர்.
மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தேன்:
"வழி தவறினால் இதைத் தேடுங்கள்."
தவற இந்த ஊரில் இடமில்லை.
எந்தத் தெருவால் கிறுகினாலும்
வாவி வந்து முன்னால் நிற்கும்,
கடன் கொடுத்தவனைப் போல.

முதல் கேள்வி எப்போதும் மீனைப் பற்றியதே.
பாடுமா?
"பௌர்ணமிக்கு வாருங்கள்.
துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு
மறுமுனையில் காதை வையுங்கள்."
நான் கேட்டதில்லை.
ஒன்பது வருடமாகக்
கேட்டவனைப் போலவே சொல்லி வருகிறேன்.

கோட்டைக்குள் அப்போது கச்சேரி இருந்தது.
ஒல்லாந்தர் கட்டிய சுவருக்குள்
காணிப் பத்திரம், பிறப்புப் பதிவு,
முத்திரைக்கு ஒரு வரிசை, கையெழுத்துக்கு இன்னொன்று.
பீரங்கியின் வாயில் ரொபிக் கடதாசி.
வரிசையில் நின்ற என் மைத்துனி
பைலால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.
கமராக்கள் அவளைத் தாண்டி
வாசல் வளைவைப் படமெடுத்தன.

எல்லோரும் ஆண்டைக் கேட்டார்கள்.
லொரென்சா மட்டும் சுவரைத் தடவினாள்.
புளோரன்சில் பழைய ஓவியங்களுக்கு
வைத்தியம் பார்ப்பவளாம்.
"சுண்ணாம்பில் என்ன கலந்தார்கள்?"
முட்டை, என்றேன்.
உதிர்ந்த பொடியை நாக்கு நுனியில் வைத்தாள்.
"முட்டை இல்லை," என்றாள், "கடல்."
மறுகா நான் கொஞ்ச நேரம்
ஒன்றும் சொல்லாமல் நடந்தேன்.

பழைய பண்டகசாலையின் கீழ்த்தட்டில் ஓவியக்கூடம்.
மூன்று அறை, ஒரு மின்விசிறி.
குடையை வாசலில் சாத்திவிட்டு
உள்ளே போனதும் கரண்ட் போனது.

போனின் வெளிச்சத்தில்
படம் துண்டு துண்டாக வந்தது.
முதலில் இறால் உரிக்கும் இரண்டு கைகள்.
பிறகு ஒரு முகம், பதினாறு வயதிருக்கும்,
வேலைக்கு நடுவில் கூப்பிட்ட எரிச்சலோடு.
பிறகு தோணி.
தோணியிலிருந்து இறங்கி
சாரத்தை மடித்துக் கட்டிய தேவதூதர்,
நனைந்த இறக்கைகள்,
செய்தியை எப்படித் தொடங்குவதென்று
தெரியாத வாய்.

வரைந்தவர் வஸ்தியாம்பிள்ளை,
கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர்.
மாதாவின் பெயரையும்
பலகை எழுத்தில்தான் எழுதியிருந்தார்,
நிழல் விட்டு, சிவப்பில்.

லொரென்சா வெளிச்சத்தைக் கீழே இறக்கச் சொன்னாள்.
முழங்காலுக்குக் கீழே தூதர் இல்லை.
எழுபத்தெட்டுச் சூறாவளியில்
தண்ணீர் நின்ற உயரம் வரை
வெறும் துணி, பழுப்புக் கோடு.

"எங்களுக்கும் ஒரு நவம்பர் உண்டு," என்றாள்.
ஆறு ஊருக்குள் வந்தது.
அம்மா சேற்றிலிருந்து படங்களைச் சுமந்தாளாம்,
அப்போது திருமணம்கூட ஆகவில்லை.
கையைத் தலைக்கு மேலே தூக்கி
நீர் நின்ற இடத்தைச் சுவரில் காட்டினாள்.
நான் இடுப்பளவில் என் கையை வைத்தேன்.
ஏனோ தோற்றுப்போனவன் மாதிரி இருந்தது.

"அனுமதித்தால் கால்களை மீட்டுத் தரலாம்."

சீட்டுக் கிழிக்கும் யசிந்தா
கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.
"என்னத்துக்கு கா?
தண்ணிக்குள்ள நிக்கிறவருக்கு
கால் எப்பிடித் தெரியும்?"

அன்று முழுவதும் நான் சொன்னதில்
அந்த ஒன்றை மட்டும்
கலப்பில்லாமல் மொழிபெயர்த்தேன்.
லொரென்சா சிரிக்கவில்லை.
மறுபடியும் குனிந்து
பழுப்புக் கோட்டையே
நெடுநேரம் பார்த்தாள்.

வெளியே வந்து எண்ணினால் பத்துப் பேர்.
குடையையும் காணவில்லை.

அக்கரைப்பற்று ஹில்மியின் மகள்
வாவிக்கரைப் படிக்கட்டில் குந்தியிருந்தாள்.
என் மஞ்சள் குடை தலைகீழாய்த் தண்ணீருக்குள்,
கைப்பிடி அவள் காதில்.
உச்சி வெயில். பௌர்ணமிக்கு இன்னும் எட்டு நாள்.

"கேக்குதா?" என்றேன்.

"கதைக்காம இரிங்க," என்றாள்.